மணிக்குப் பதில் விளக்கு

இதை எழுதுபவன் அவளை முதன்முதலாகப் பார்த்தது ஓர் உதவி மையத்தில். உடற்குறை உள்ளவர்கள் வேலை செய்யும் இடங்களுக்குத் தேவையான கருவிகளைத் தேடிக் கொடுக்கும் மையம் அது. பட்டம் வாங்கிய சூட்டோடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தவன், தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டே, "என்ன வேணும்?" என்று கேட்டுவைத்தான். அவள் மேசையைத் தட்டினாள்.

"தம்பி, மூஞ்சியைக் காட்டிப் பேசுங்க. என் காது உங்க வாயிலதான் இருக்கு."

காலுறை பின்னும் ஆலையில் மிஷின் ஓட்டுபவள். அந்த மிஷின்களின் இரைச்சல்தான் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தது. ஆனால் மிஷின் கூடத்துக்குள் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் கைதான் வாய், கண்தான் காது. எந்த மூலையில் மிஷின் நின்றாலும் முதலில் போய் நிற்பவள் அவள்தான். அதனால் அவளுக்குக் 'கழுகு' என்று பெயர்.

புது மிஷின்கள் வந்ததும் வந்தது வினை. இரண்டு வரிசை, எதிரெதிராக; ஒன்றைப் பார்த்து நின்றால் மற்றது முதுகுக்குப் பின்னால். நூல் அறுந்தால் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு மணி அடிக்கும். முதுகுப் பக்கம் அடிக்கும் மணியைக் கழுகு என்ன செய்யும்? நூலறுந்த மிஷின் ஒன்று கேட்பாரற்று நிற்பதை மேனேஜர் பார்த்துவிட்டார்.

"மணி கேக்காத ஆளை மிஷின்ல விட முடியாதும்மா. ஏதாவது வழி கண்டுபிடிச்சுக் கொண்டா. இல்லேன்னா பெட்டி கட்டுற ரூமுக்குப் போயிடு."

பெட்டி கட்டப் போனவர்கள் யாரும் கூடத்துக்குத் திரும்பி வந்ததில்லை. சம்பளமும் குறையும், தொழிலும் கைவிட்டுப் போகும். அவள் இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

தைரியம் சொன்னது அத்தான். அக்கா புருஷன், ஆலையின் மெக்கானிக். மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டோ எதையாவது மென்றுகொண்டோ பேசுவார்கள். அவர் ஒருவர்தான் எப்போதும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அவள் கண்ணில் படும்படி நின்று பேசுவதே அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"மணிக்குப் பதிலா விளக்கு வச்சாப் போச்சு, கழுகு. எங்கேயாவது குடுப்பாங்க, தேடிப் பாரு. மாட்டித் தர்றது என் பொறுப்பு."

லீவு போட்டு அலைந்தாள். ஓர் அலுவலகத்தில் அவள் சொன்னதைக் கேட்காமலே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "காலு நல்லாத்தாங்க இருக்கு. உங்க மாடிப்படி அத்தனையும் அதுலதான் ஏறி வந்தேன்" என்றாள். கடைசியில் வந்து சேர்ந்தது இந்த மையத்துக்கு. மிஷின் நின்றதும் பளிச்பளிச்சென்று எரியும் சிவப்பு விளக்குகளும், முதுகுப் பக்கத்தைக் காட்ட ஒரு வளைந்த கண்ணாடியும் கிடைத்தன.

சொன்னபடியே அத்தான் மாட்டிக் கொடுத்தார். அதன்பிறகு ஒரு மிஷின்கூடச் சும்மா நிற்கவில்லை. "மணி கேட்டு எந்த மிஷின்னு தேடுற வேலை மிச்சம்டி. உன் புண்ணியம்" என்று கூடத்துப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளிக் கையாலேயே சொன்னார்கள்.

ஒரு மதியம் கடைக்கோடி மிஷினில் விளக்கு எரிந்தது. ஓடினாள். அதை ஒட்டித்தான் மேனேஜரின் கண்ணாடி அறை. மேனேஜரின் முதுகு தெரிந்தது. எதிரே அத்தான், வழக்கம்போல் கூடத்தைப் பார்த்த முகத்தோடு, நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்குச் சத்தம் எதற்கு?

"விளக்கு வந்துட்டதால ஒரே ஆள் ரெண்டு வரிசையும் பாத்துக்கலாம் சார். ஆளைக் குறைச்சிடலாம்."

மேனேஜரின் தோள் அசைந்தது. ஏதோ கேட்டார்.

"அவளையே மொதல்ல அனுப்புங்க. காது கேக்காதவ, யார்கிட்ட போய் சண்டை போடப்போறா? வீட்டுல நான் சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அப்போதுதான் அவர் கண் அவள் மேல் பட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் அறுந்த நூலை முடிந்து, மிஷினை ஓடவிட்டாள். விளக்கு அணைந்தது.

அடுத்த வாரமே அத்தான் சூப்பர்வைசர். அவள் பெட்டி கட்டும் ரூமில். அக்கா வீட்டுக்குப் போய், "என்னை ஏன் அத்தான் மொதல்ல சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வேலை போகலையே, இடம்தானே மாறுச்சு? எவளையாவது சொல்லித்தானே ஆகணும்? நீ நம்ம ஆளு, புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

அக்கா அடுப்புப் பக்கமிருந்து திரும்பவே இல்லை. முகம் தெரியாததால், அவள் ஏதாவது சொன்னாளா என்பதுகூடத் தங்கைக்குத் தெரியவில்லை.

மறுபடி மையத்துக்கு வந்தாள். "அந்த விளக்கைக் கழட்டிக்கிட்டு வந்துடலாமா தம்பி? என் பேரைச் சொல்லித்தானே வாங்கினது?"

இதை எழுதுபவனுக்கு நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அது ஆலைக்குக் கொடுத்ததுங்க. ஆலையிலதான் இருக்கும்."

"நல்லா மூஞ்சியைக் காட்டித்தான் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

இப்போது அவள் அதே ஆலையில் பெட்டி கட்டுகிறாள். விளக்குகள் கூடத்தில் எரிகின்றன. அத்தான் பேச வாயெடுத்தால், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.