நீல நோட்டின் முதல் பக்கம்

முதல் அறிகுறி ஒரு டம்ளர் டீ. ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "டீ போடலியா?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். அதையும் குடித்துவிட்டு அதையே கேட்டார். அன்று மாலை காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. ஆரணியிலிருந்து ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனோம்.

என் கணவர் பாஸ்கரன் பதினாறு ஆண்டு ராணுவத்தில் இருந்தவர். பனிமலையில் காவல் நின்றவர். ஓய்வு பெற்று சேவூர் வீட்டுக்கு வந்து, அப்பா விட்டுப்போன தறியில் பட்டு நெய்யத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தலைவலிக்கென்று அவர் ஒரு மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை.

வைரல் என்கெஃபலைட்டிஸ் (கிருமி மூளைத் திசுவைத் தாக்கி வீங்கச் செய்யும் நோய்) என்றார் மருத்துவர். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. உயிர் தப்பியது. தெளிவாகக் கண் திறந்த அன்று கட்டிலருகே நான்தான் இருந்தேன்.

"சிஸ்டர், என் லீவு என்னிக்கு முடியுது?" என்றார்.

நான் நர்ஸ் இல்லை. நான்கு ஆண்டாக அவருடைய மனைவி.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அம்னீசியா (நினைவிழப்பு) இரண்டு வகையாக வந்திருந்தது. "கடைசி ஏழு வருஷ ஞாபகம் போயிடுச்சும்மா. புதுசா சொல்றதும் தங்காது. தூங்கி எழுந்தா அழிஞ்சிடும். புதுசு தங்கறது கொஞ்சம் கொஞ்சமா சரியாகலாம். போன ஏழு வருஷத்தை எதிர்பார்க்காதீங்க."

"தறி வேலை?"

"கை பழகின வேலை வேற இடத்துல இருக்கு. அது போகாது. ஒரு நோட்டு போடுங்க. அவர் யாரு, நீங்க யாரு, என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்க. தினமும் காலையில படிக்கட்டும்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த ஏழு ஆண்டுக்கு என்ன பொருள் என்று புரிந்தது. அவர் நின்றுபோன இடத்தில் நான் இல்லை. தனம் இருந்தாள்.

தனம் அவருடைய தாய்மாமன் மகள். அவளைத்தான் அவருக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். தாம்பூலம் மாற்றும் முன்பே மாமன் பின்வாங்கி, அவளைச் சேத்துப்பட்டில் கொடுத்துவிட்டார். இதெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். பழைய கதை என்று நினைத்திருந்தேன். இப்போது அது பழைய கதையாக இல்லை. அவருக்கு அது நேற்றுப் பேசி வைத்ததாக இருந்தது; மாமன் பின்வாங்கியது நினைவிலேயே இல்லை.

காலை ஐந்து மணிக்கு எழுவார். சவரம் செய்யக் கண்ணாடி முன் நிற்பார். காதோர நரையைத் தொட்டுப் பார்ப்பார். தொப்பையைப் பார்ப்பார். கட்டிலுக்கடியிலிருந்து கறுப்புத் தகரப் பெட்டியை இழுத்து, சட்டைகளைச் சதுரமாக மடித்து அடுக்குவார். பிறகு லீவுச் சீட்டைத் தேடுவார்.

"அம்மா, தனத்தை வரச் சொல்லும்மா. கிளம்பறதுக்குள்ள ஒருவாட்டி பார்த்துட்டுப் போறேன்."

"டேய், இதோ நிக்கிறாளே ரேவதி, இவதான்டா உன் பொண்டாட்டி" என்பார் அத்தை.

அவர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். "இன்னாம்மா நீ, வந்த பொண்ணை வெச்சிகினு இப்படிப் பேசற? அது இன்னா நெனைக்கும்?" என்னிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க" என்பார்.

தனம் என்று சொல்லும்போது அவர் முகம் இளகும். அந்த முகம் நான்கு ஆண்டில் எனக்கு ஒருமுறைகூட வரவில்லையா, வந்தும் நான் கவனிக்கவில்லையா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க வயிறு எரிந்தது.

நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள். ஆரணியில் தனியார் பள்ளியில் ஆசிரியை. என் அம்மாவும் அப்பாவும் வெம்பாக்கம் பக்கம் பிறர் நிலத்தில் உழைப்பவர்கள். இருவரும் கைநாட்டு. எங்கள் பரம்பரையில் முதலில் பேனா பிடித்த கை என்னுடையது. அந்தக் கையால் நீல அட்டை போட்ட நோட்டில் முதல் பக்கத்தை எழுதினேன். அவர் பெயர், நோய், ஓய்வு பெற்றது, எங்கள் கல்யாணம். ஆறாவது வரியில் இப்படி எழுதினேன்: 'தனம் உங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.'

அது பொய். தெரிந்தே எழுதினேன்.

படைவீரருக்கு எழுத்தில் வந்தது உத்தரவு. மறுநாள் காலை நின்றபடியே நோட்டைப் படித்தார். ஆறாவது வரியில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துவிட்டுப் பெட்டியை உள்ளே தள்ளினார். பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் அடுத்த நாள் காலை மீண்டும் கண்ணாடி, மீண்டும் பெட்டி, மீண்டும் தனம். மீண்டும் ஆறாவது வரி. முந்தின நாள் அழுதது அவருக்குத் தெரியாது. ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்து ஆறவேண்டிய துக்கத்தை நான் தினமும் காலையில் புதிதாகப் பரிமாறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே இது எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் நாள் முழுக்க அவர் அவளுக்காகக் காத்திருப்பார். அந்த முகத்தைவிட இந்த முகம் எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

பட்டுக்கு ஆர்டர் குவியும் கல்யாண மாதம் வந்தது. அவர் நோய்க்கு முன் தறியில் போட்டிருந்த பாவை (சேலையின் நீளவாட்டு இழைகளை) அத்தை மெல்ல நெய்து முடித்திருந்தார். புதுப் பாவு வந்து இறங்கியது. பழைய பாவின் இழை முனைகள் தறியிலேயே இருக்கும். அவற்றோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அத்தைக்குக் கண் புரை அறுத்து அப்போதுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். பிணைக்கிற பெண்கள் யாரும் கிடைக்கவில்லை. நான் முயன்று பார்த்தேன். சாக்பீஸ் பிடித்துக் காய்ந்த விரலில் பட்டு அறுந்து அறுந்து போனது. அத்தை என்னைக் கேட்காமல் அண்ணன் மகளுக்குப் போன் செய்துவிட்டார்.

தனம் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் சாப்பாட்டு டப்பா. "என்னைவிடச் சின்னவளை அக்கான்னு கூப்பிட வெச்சிட்டாரு மாமா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலையும் அவர் நோட்டைப் படித்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தறியின் ஒரு பக்கம் போய் உட்கார்ந்தார். அவள் மறுபக்கம் உட்கார்ந்தாள். பழைய இழை, புது இழை, சாம்பல், ஒரு முறுக்கு. என் பெயரைக்கூட வைத்திருக்க முடியாத அந்தத் தலைக்குக் கீழே, கை தடுமாறாமல் ஓடியது. இருவரும் ஒரே வேகத்தில் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். விருந்து நடக்கிற வீட்டில் வேலைக்காரி நிற்பதுபோல டீயோடு நான் நின்றேன்.

உச்சிவேளையில் கேட்டார். "ஏன் தனம் என்னை வேணாம்னு சொன்ன?"

"யாரு சொன்னது?"

"நோட்டுல எழுதியிருக்குது."

தனம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இனி என் கையெழுத்தை நம்பமாட்டார். இந்த வீட்டில் நான் யார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அந்தக் கையெழுத்துதான்.

"நான் வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல மாமா" என்றாள். "என்னை எவன் கேட்டான்? பார்டர்ல காவல் நிக்கிறவனுக்குக் குடுத்துட்டு தினமும் நியூஸைப் பார்த்துகினு பேஜார் படணுமான்னாரு எங்கப்பா. அவ்ளோதான், முடிஞ்சிது. ஏன், நீங்ககூடத்தான் கேக்கல."

அவர் கை முதல்முறையாக நின்றது. "நான் கேக்கலியா?"

"கேக்கல. இழையை விட்டுடாதீங்க. ஜல்தியா முடிங்க, எனக்குப் பஸ்ஸு இருக்குது."

போகும்போது நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வாசலில் என்னிடம், "அச்சு மாதிரி எழுதியிருக்கீங்கக்கா. அதான் மாமா அப்படியே நம்பிட்டாரு" என்றாள். அது போதுமானதாக இருந்தது.

வெம்பாக்கத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அத்தனை பேர் முன்னால் அவர் என்னிடமே கேட்டார்: "உங்களுக்கு இஷ்டமா?" என் அப்பா திகைத்துப்போனார். ராணுவ மிடுக்கு என்று நான்கு ஆண்டு அதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். தனத்தைக் கேட்காமல் விட்டதால்தான் என்னைக் கேட்டாரோ என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது. உறுதியாகத் தெரியாது. சொல்ல வேண்டியவரிடம் அந்த நாளே இல்லை.

முதல் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். ஆறாவது வரி: 'தனத்தை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. என்னைக் கேட்டீர்கள்.'

மறுநாள் அந்த இடத்தில் நின்று நிமிர்ந்தார். "நீங்க இன்னா சொன்னீங்க?"

பதிலை எழுத மறந்திருந்தேன். வாயால் சொன்னேன்.

நோய் வந்து பதினோரு மாதம் ஆகிறது. வலிப்புக்கான மாத்திரை தொடர்கிறது. நேற்றைய நாளில் பாதி இப்போது அவரிடம் தங்குகிறது. பெட்டி வாரத்துக்கு இரண்டு முறைதான் வெளியே வருகிறது. போன ஏழு ஆண்டு வரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வாதம் செய்யாதீர்கள், நோட்டு எழுதுங்கள். அதில் உங்கள் வயிற்றெரிச்சலை மட்டும் எழுதாதீர்கள். அது தினமும் படிக்கப்படும்.

பொறாமை எனக்குப் போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. என்னை நான்கு ஆண்டு அறிந்த கை, இப்போது டம்ளரை வாங்கும்போதுகூட என் விரல் படாமல் வாங்குகிறது. அந்த நான்கு ஆண்டு அவரோடு வாழ்ந்த ரேவதியை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

போன வாரம் ஒரு காலை. நீல நோட்டு அலமாரியிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. பெட்டியைப் பாதி இழுத்துவிட்டு, குந்தியபடியே என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "மேல படிக்க விடுவீங்களான்னு கேட்டேன்."

"விட்டனா?"

"விட்டீங்க. பி.எட். முடிச்சேன்."

"அப்புறம்?"

"இஷ்டம்னு சொன்னேன்."

காலால் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் தறிக்குப் போனார்.

அந்தப் பதிலையும் எழுதிவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன். ஆறாவது வரிக்குக் கீழே இடம் இருந்தது. பேனாவை மூடிவிட்டேன். நாளையும் அவர் கேட்கட்டும்.