இது மழை இல்லை, அக்கா

சங்கரநாராயணரையும் கோமதி அம்மாளையும் கும்பிட்டு இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன் நான். பிழையிருந்தால் பொறுத்தருளுங்கள்.

அக்கா அவர்கள் சங்கரன்கோவிலில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டார்கள். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தது அவர்கள் மட்டும்தான். பள்ளியில் படித்த பழங்காலத்துக் காதல் பாட்டுகள் அத்தனையும் மனப்பாடம். தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றும்போதும் வாய் அதைத்தான் முணுமுணுக்கும்.

நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது அத்தான் பம்பாய்க்குப் புறப்பட்டார்கள். ரயிலடியில், "ஐப்பசி மழைக்கு முன்னால வந்துருவேன், அழாத" என்றார்கள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அந்த ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அக்கா அவர்கள் ராட்டையை விட்டுவிட்டு ஓவென்று அழுதார்கள். நான் பதறிப்போய் நின்றேன்.

"பாட்டுல வாரவளுக்கும் இப்படித்தாம்ல. மழைக்குள்ள வாரேன்னு போனவன் வரமாட்டான். தோழிக்காரி, 'இது மழையே இல்லட்டி, காலந்தப்பி விழுத தூத்தல்'னு பொய் சொல்லித் தேத்துவா."

"எனக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாதேக்கா."

"படிச்சுக்கோ. எனக்கு மீசை வச்ச தோழி நீதாம்ல."

அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு ஐப்பசியிலும், "இது மழை இல்லக்கா" என்று சொல்வது என் வேலையாயிற்று.

நானே பம்பாய் போய் மில் மில்லாக விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கப்பிரதட்சணம் செய்தேன். ஆடித் தபசுக் கூட்டத்தில் நின்றுகொண்டு அக்கா அவர்கள் ஒருமுறை கேட்டார்கள்: "அம்மாளுக்குத் தபசு முடிஞ்சா சாமி காட்சி குடுக்காரு. என் தபசு என்னைக்குல முடியும்?"  தாயே, அதை நீதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஐப்பசியில் வயிற்றுக் கட்டியோடு படுத்துவிட்டார்கள். கோயில் புற்றுமண் பூசினோம், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். டாக்டர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் ஓட்டின்மேல் மழை கொட்டியது.

"வெளிய என்னல சத்தம்?"

"தறிச் சத்தம்க்கா."

"தோழி நல்லாப் பொய் சொல்லப் படிச்சுட்டா" என்று என் கையைப் பிடித்தார்கள். பிடித்தபடியே போய்விட்டார்கள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் புறப்படும் நேரம் வாசலில் பேச்சு எழுந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் போட வேண்டும். புருஷன் இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை.

"அவன் இருக்கானோ செத்தானோ, யாரு கண்டா? வெள்ளைய எடுத்துட்டு வா" என்றார்கள் பெரியம்மை.

"செத்தாருன்னு நீங்க கண்டியளா, பெரியம்ம?"

"காங்கலதான். இத்தனை வருசமா வராதவன் இனியா வரப்போறான்?"

"வாரேன்னுதான சொல்லிட்டுப் போனாரு. இன்னும் வரல, அவ்வளவுதான். எங்க அக்காளுக்குப் பொட்டு வைங்க."

  பெரியம்மையே குங்குமச் சிமிழை எடுத்தார்கள். சிவப்புச் சேலையோடு அனுப்பிவைத்தோம்.

அந்த மழையில் நனைந்து பாடை சுமந்தவர்களுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்த தெருக்காரர்களுக்கும், இந்த வருஷத் திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அத்தான், நீங்கள் எங்கேயாவது இருந்து இந்த நினைவு மலர் கையில் கிடைத்தால் வந்துவிடுங்கள். பயப்படாமல் வாருங்கள். வெளியே கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அக்கா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இது மழை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.