அக்காவின் கல்யாண முருங்கையும் பதினாறாம் நாள் பந்தலும்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அக்காவின் வருஷத் திதிக்குப் போடும் இந்த நினைவு மலருக்கு எழுதும்போது, தப்பாகிவிடுமோ என்று பயந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் கோபம் மட்டும் அப்படியே வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா பிறந்தது இங்கே மராத்தி மண்ணில், போபோடியில். அப்பா போனபின் தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து என்னை வளர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிட்டயர் ஆகி நிக்டிக்கு வந்ததும், வீட்டின் பின்பக்கம் உண்ணிச்செடியையும் கல்யாண முருங்கையையும் தம் இஷ்டத்துக்கு வளர விட்டார். பங்குனியில், குளிர்காலம் கழித்து வடக்கே திரும்பும் சோளக்குருவிகள் அந்த முருங்கையின் சிவப்புப் பூக்களில் வந்து இறங்கும். கதிர்க்குருவிகள் புதருக்குள் ஒளிந்து கத்தும். அக்கா டீயும் பைனாகுலருமாகப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பார். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள், "என்ன தாயி, ஜங்கிளே வச்சிருக்கீங்க?" என்றால், "ஆமா, புலி நான்தான்" என்பார்.

அந்த அம்மாள் சிரிப்பார். நம் சொந்தத்தில் சொன்னது வேறு: "புருஷன் புள்ள இல்லாதவ, குருவி பாக்கறா." சொன்னவர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் அக்கா கடைசியாகக் கேட்டதும் அதுதான். "டேய், சோளக்குருவி வந்துடுச்சா? தட்டுல தண்ணி வை."

தண்ணீர் வைத்தேன். மரத்தைக் காக்கத்தான் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஷாமியானாப் பந்தல் போட இடம் வேண்டும் என்றீர்கள், சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லோரும். "புதர்ல பாம்பு இருந்து யாரையாவது புடுங்கிச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?" என்று மாமா கேட்டார். நான் எதற்கும் பயப்படுகிறவன். தலையாட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் பூவோடு மரம் தரையில் கிடந்தது.

படையல் வைத்துவிட்டுக் காக்கா வரவில்லையே என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வந்தது சோளக்குருவிக் கூட்டம். மரம் இருந்த இடத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. உட்கார ஒரு கிளை இல்லை. போய்விட்டது. "அது காக்கா இல்ல, விடு" என்றார் மாமா.

ஒரு வருஷமாக எனக்கு அந்த வார்த்தை காதிலேயே இருக்கிறது.

வெட்டின அடியிலிருந்து மரம் துளிர்த்து, இந்தப் பங்குனியில் ஒரே ஒரு கொத்து பூத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், வெயிலில் அந்தத் துளிருக்குத் தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் என் நன்றி.

வருஷத் திதிச் சாப்பாடு மொட்டை மாடியில். வெயிலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. யாரும் கேட்க வேண்டாம்.