எட்டு வீட்டு மாப்பிள்ளை

நடுவுநிலைமை என்னும் அறம் நிறைந்த வீட்டில் எளிது. பானை நிறைய இருக்கையில் இருவருக்கு ஒப்பப் பகிர்வது கைப்பழக்கம்; அதற்குப் புகழுரை வேண்டுவதில்லை. துலாக்கோலின் ஒரு தட்டில் அயலானும் மறுதட்டில் தன் வயிறும் அமர்ந்திருக்க, கோலைப் பிடித்த விரல் நடுங்காதிருத்தலே அவ்வறத்தின் உண்மையான உருவம். அது அரசவைகளில் மட்டும் வாழ்வதன்று. ஒரு நூற்பாலையின் பின்சுவரை ஒட்டி, ஒரே தகரக் கூரையின் கீழ் எட்டு அறைகள் வரிசையாக நின்ற சந்தில், கிழிசல் தைத்துப் பிழைத்த ஒருத்தியிடம் அது பல்லாண்டு குடியிருந்தது. தையல் எந்திரம் அவளிடம் இல்லை. ஊசியும் நூலுமே உடைமை. ஆகவே சந்து முழுவதும் அவளை ஊசியக்கா என்றே அழைத்தது.

அந்தச் சந்தின் வாழ்க்கை பகிர்வினால் ஆனது. எட்டு அறைக்கு ஒரு குழாய். இரண்டு அறைக்கு ஓர் அடுப்பு. முதல் வீட்டுக் கஞ்சி ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கிப் பழங்கம்பளியால் சுற்றி மூலையில் வைப்பார்கள். தன் சூட்டிலேயே அது வெந்து முடிவதற்குள் அடுத்த வீட்டுப் பானை அடுப்பேறிவிடும். சலவைக் கட்டியை வாங்கி வந்தால் ஊசியக்காவின் நூல்தான் அதை எட்டாக அறுக்கும். துண்டுகள் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறா. மாறினால் பெரிய துண்டு எவர் வீட்டுக்கென்று அவளே சொல்வாள். தன் வீட்டுக்கென்று ஒருநாளும் சொன்னதில்லை. எட்டாம் அறையில் ஒரு குடை இருந்தது. மழைக்காலத்தில் அது தன் வீட்டில் தங்கியதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக அங்கே ஒரு சட்டை இருந்தது.

வெள்ளைச் சட்டை, முழுக்கைச் சட்டை. தைக்கக் கொடுத்தவர் ஊரைவிட்டே போய்விட, இரண்டு ஆண்டு காத்திருந்துவிட்டு, "இனி இது சந்துக்குப் பொது" என்று ஊசியக்கா அறிவித்தாள். வேலை கேட்கப் போகிறவர், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர், அலுவலகத்தில் அதிகாரி முன் நிற்கப் போகிறவர் எவராயினும் அதை அணிந்து போகலாம். கழுத்துப்பட்டை தேய்ந்தபோது பிரித்துத் திருப்பித் தைத்தாள். விலாப்புறத்தில் இரண்டு மடிப்புகளை உள்ளே மறைத்து வைத்திருந்தாள். பருத்தவருக்குப் பிரிப்பாள், மெலிந்தவருக்குப் பிடிப்பாள். நான்காவது பொத்தான் உடைந்தபோது வெள்ளை கிடைக்கவில்லை. கிடைத்த பச்சையைத் தைத்துவிட்டாள்.

அந்தச் சட்டைக்குச் சந்தில் மாப்பிள்ளை என்று பெயர். உழைப்பதில்லை; நல்ல ஆணி அவருக்குத்தான்; அவரைத் தொடுமுன் கை கழுவ வேண்டும்; எங்கே போனாலும் மரியாதை. பெயர் பொருந்தாமல் என்ன செய்யும்? மாப்பிள்ளைக்குச் சட்டமும் இருந்தது. முதலில் கேட்டவருக்கு முதலில். அதை வகுத்தவளும் ஊசியக்காதான்.

அவள் கணவர் பத்தொன்பது ஆண்டு மூட்டை சுமந்தவர். இரண்டு ஆண்டுக்கு முன் ஒருநாள் மூட்டையோடு குனிந்தவர் மூட்டையில்லாமலும் நிமிர முடியாமற் போனார். அன்றுமுதல் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் பொத்தான்களை நிறம் பிரிப்பதுமாக வீட்டில் இருந்தார். இரு வேளை எரிந்த அடுப்பு ஒரு வேளையாயிற்று. அதைக் குறித்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. "எனக்குப் பசிக்கலை" என்று அவர் முந்துவதும், "நான் அப்பவே சாப்பிட்டாச்சு" என்று அவள் முந்துவதும் பந்தயம்போல் நடந்துவந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று அவருக்கு வாய்க்க வேண்டும் என்பதே அவளுடைய அன்றாட வேண்டுதல்; கடவுளிடம் அவள் வேறொன்றும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, மூன்றாம் அறைச் சாயக்காரர் வாசலில் வந்து நின்றார். சாயப்பட்டறையில் நூல் தோய்க்கும் வேலை. இரு கையும் மணிக்கட்டு வரை நீலம். இரண்டு சிறுமியருக்குத் தகப்பன்.

"அக்கா, மாப்பிள்ளை திங்கட்கிழமை சும்மாத்தானே இருக்கார்?"

"சும்மாதான் தொங்குறார். எங்க கூட்டிட்டுப் போகப் போற?"

"தானியக் கிடங்குல வாசக்காவலுக்கு ஆள் எடுக்குறாங்க. பட்டறைப் புகை இனிமே தாங்காதுக்கா. மூச்சு விட்டா விசில் அடிக்குது. எம்பொண்ணுங்க ரெண்டும் 'அப்பா, இன்னொரு தடவை ஊதுங்க'ன்னு கேக்குதுங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"கூட்டிட்டுப் போ தம்பி. புகையிலை போடக் கூடாது. தலைக்கு எண்ணெய் வெச்சுக் கழுத்துல வழிய விடக் கூடாது."

"சத்தியமா மாட்டேன்."

அவர் போய் அரை நாழிகை ஆகியிராது. கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் முகமெல்லாம் மலர உள்ளே வந்தார்.

"இந்தா, வேலையை வெச்சுட்டு இங்க பாரு. கிடங்குல வாசக்காவல்! உட்கார்ந்தே பாக்குற வேலை. நாற்காலி குடுக்குறாங்களாம், நாற்காலி! திங்கட்கிழமைக்கு மாப்பிள்ளையை எடுத்து வை."

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை வாக்குக் குடுத்துட்டார்."

"யாருக்கு?"

மூன்றாம் அறைப் பக்கம் முகவாயைத் தூக்கிக் காட்டினாள். கணவர் மெல்ல அமர்ந்தார். அமர்வதற்கு அவருக்கு எப்போதும் சற்று நேரம் ஆகும்; அன்று இன்னும் சற்று ஆயிற்று.

"எப்பக் கேட்டான்?"

"இப்பத்தான். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப அவனுக்குத்தான்" என்றார். பிறகு, "சட்டம் போட்டவளே மீறினா நாளைக்குச் சவக்காரத் துண்டைக்கூட எவனும் உங்கிட்ட வெட்டக் குடுக்க மாட்டான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

ஞாயிறு நண்பகலில் சட்டையை மடியில் பரப்பினாள். சாயக்காரர் அகன்ற தோளர். விலா மடிப்புகளைப் பிரித்து மீண்டும் தைக்க வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணம், அழையா விருந்தாளியாய், வந்து அருகில் அமர்ந்தது. அக்குளில் நான்கு தையலைத் தளர்த்திப் போட்டால் போதும். கையைத் தூக்கி வணக்கம் சொல்லும் நேரத்தில் சட்டை வாய்திறக்கும். பழஞ்சட்டைதானே என்பார்கள். எவரும் அறியார். ஊசி அறியும். அந்த ஊசியைத்தான் நாளையும் அவள் விரலில் பிடித்தாக வேண்டும்.

நான்கு தையல் போட வேண்டிய இடத்தில் எட்டுத் தையல் போட்டாள். போட்டு முடித்தபின்னும் மனம் ஆறவில்லை. நினைத்த குற்றத்துக்கு ஒரு கழுவாய் தேடியது. சாயக்காரரை அழைத்து அணிவித்துப் பார்த்தாள். தூய வெள்ளைச் சட்டைக்கையின் முனையில் இரண்டு நீலக் கைகள்.

"கை இப்படி நீலமா இருந்தா, ஏதோ தொட்டியில விழுந்து எந்திரிச்ச ஆளுன்னு நெனப்பாங்க தம்பி. இரு."

கைமடிப்புக்குள் ஒளிந்திருந்த துணியை முழுவதும் அவிழ்த்து, சட்டைக்கை விரற்கணு வரை இறங்குமாறு நீட்டித் தைத்தாள். நீலம் மறைந்தது. அதுவரை அவள் செய்த தையல்களிலெல்லாம் சிறந்தது அதுவே என்று அவளுக்குத் தோன்றியது.

எட்டு அறைக்கும் நடுவே இருப்பவை பலகைச் சுவர்கள். மாலைக்குள் செய்தி சாயக்காரர் காதுக்கு எட்டிவிட்டது. சட்டையைக் கையில் ஏந்தியபடி ஓடிவந்தார்.

"அக்கா, மாமாவும் போறாராமே! எனக்கு வேணாம். இதை அவருக்கே குடுங்க."

"மொதல்ல கேட்டது நீ. எடுத்துட்டுப் போ."

"இல்லக்கா..."

"மாப்ளே, இங்க வா" என்று சாயக்காரரைக் கூப்பிட்டார் கணவர். "உன்னை எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஒன்பது மணிக்கு மாமா."

"என்னைப் பத்துக்கு. நீ போயிட்டு வா, எதிர்ல டீக்கடைக்குப் பின்னாடி மாத்திக்கலாம். மாப்பிள்ளை ஒரே நாள்ல ரெண்டு வீட்டு விருந்துக்குப் போகக் கூடாதுன்னு எந்த நூல்ல எழுதியிருக்கு?"

திங்கட்கிழமை காலை தேநீர்க் கடையின் பின்புறம், அடுக்கிவைத்த விறகுக்கு அருகே ஊசியக்கா ஊசியோடு காத்திருந்தாள். சாயக்காரர் திரும்பி வந்த முகத்தில் ஒளியில்லை.

"அந்த மேற்பார்வை அம்மா என் முகத்தைப் பாக்கவே இல்லக்கா. கையையே பாத்தாங்க. நான் உள்ள உள்ள இழுத்துக்கிட்டேன். மத்தவங்களைச் சொன்ன மாதிரி கதவைக்கூடத் தள்ளிப் பாக்கச் சொல்லலை. 'சரி, போங்க'ன்னுட்டாங்க."

பேச நேரமில்லை. சட்டைகள் கைமாறின. மெலிந்த கணவர் மேல் மாப்பிள்ளை கப்பற்பாய்போல் ஆடினார். விலா மடிப்புகளைப் பெருந்தையலால் விரைந்து பிடித்தாள். நீட்டிய கையைச் சுருக்க நேரம் வாய்க்கவில்லை. மறுபுறம், கணவரின் ஒட்டுப்போட்ட கட்டச் சட்டைக்குள் சாயக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொத்தான்கள் எட்டவில்லை, சட்டைக்கைகள் முழங்கையோடு நின்றுவிட, இரு நீலக் கைகளும் வெயிலில் பட்டவர்த்தனமாகத் தொங்கின.

"மாமா சட்டையில நான் மூட்டை மாதிரி இருக்கேன்."

"பத்தொன்பது வருஷம் மூட்டை சுமந்த சட்டை. பழக்கதோஷம், போய்த் தொலையுது" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கணவர் நுழைந்த கிடங்கு வாசலை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கணவர் வெளியே வந்தபோது விரைவாக வந்தார். விரையக் கூடாத இடுப்பு.

"மாப்ளே, உள்ள கூப்பிடுறாங்க. சட்டையை மாத்தாத, அப்படியே போ. ஓடு!"

சாயக்காரர் திகைத்து, திறந்த சட்டையை ஒரு நீலக்கையால் பொத்திக்கொண்டு ஓடினார்.

"என்னங்க நடந்துச்சு?"

கணவர் விறகின்மேல் சாய்ந்துகொண்டார். "உள்ள போனதுமே அந்தம்மா, 'இந்தச் சட்டை இப்பத்தானே வெளிய போச்சு? நாலாவது பட்டன் பச்சை'ன்னாங்க. என்ன சொல்றது? 'ஆமாங்கம்மா, இவர் எங்க சந்து மாப்பிள்ளை'ன்னு எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் கதவைத் தள்ளிக் காட்டச் சொன்னாங்க. இரும்புக் கதவு, லாரி போற கதவு. நாற்காலி இருக்கு, பொய்யில்ல. ஆனா ஒரு நாளைக்கு நாப்பது தடவை எந்திரிச்சு அதைத் தள்ளணும்."

"தள்ளினீங்களா?"

"பாதி. இடுப்பு 'போதும்டா'ன்னுச்சு. பல்லைக் கடிச்சிருந்தா இன்னிக்கு முழுசாத் தள்ளியிருப்பேன். நாளைக்கு? முடியாதுங்கம்மான்னு சொல்லிட்டேன். 'எனக்கு முன்னாடி வந்தவன் ஒத்தக் கையால தள்ளுவான்'னேன். அதுக்கு அவங்க, 'அவர் கையை ஒளிச்சு ஒளிச்சு வெச்சுக்கிட்டார், எனக்கு நம்பிக்கை வரலை'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'அந்தக் கையில நீலம் இருக்கும்மா. பதினோரு வருஷம் சாயத்தொட்டியில கெடந்த கை. ஒளிச்சது அவன் இல்ல, எம் பொண்டாட்டி. அழகா இருக்கட்டுமேன்னு நீட்டித் தெச்சுட்டா'ன்னேன். ஒடனே கூப்பிடுங்கன்னாங்க."

ஊசியக்கா தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். கறை என்று எண்ணி எதை மறைத்தாளோ, அந்தக் கறைதான் அந்த மனிதனின் நற்சான்று. கிழிசலை மறைக்கப் பழகிய கை, உழைப்பையும் சேர்த்து மறைத்துவிட்டது. அவள் கண் நிறைந்தது. நாணமா, இழப்பா, இரண்டுமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களே" என்றாள். சொல்லிக்கொண்டே அவர் விலாவில் பிடித்த பெருந்தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசித் தையலை அறுத்தபின், "நாற்காலி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சாய்மானம் இருந்துச்சு" என்றார் அவர்.

அந்த வேலை சாயக்காரருக்கே வாய்த்தது. ஒட்டுப்போட்ட கட்டச் சட்டையோடு போய், இரும்புக் கதவை ஒரே மூச்சில் தள்ளிவிட்டு வந்தார். தள்ளிய வேகத்தில் முதுகுப்புறம் கிழிந்தது; அதையும் ஊசியக்காதான் தைத்தாள்.

இரண்டு மாதங்கள் சென்றன. ஊசியக்கா வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அதை இங்கே மறைப்பது முறையன்று. ஆனால் கிடங்கு வாசலில் அமர்ந்த சாயக்காரருக்குக் கண் இருந்தது. ஓட்டை விழுந்த சாக்குகள் கிடங்கின் மூலையில் குவிந்து மட்குவதைப் பார்த்தார். "எங்க மாமா ஒருத்தர் இருக்காரும்மா. ஊசி பிடிச்ச வீடு" என்று மேற்பார்வை அம்மாவிடம் சொன்னார். கிழிந்த சாக்குகள் கட்டுக்கட்டாகச் சந்துக்கு வரலாயின. கணவர் தம் முதல் கோணியூசியைக் கையில் எடுத்தார். தொடக்கத்தில் கோணல்மாணலாக ஓடிய தையலைப் பார்த்து, "குடிச்ச எறும்பு போன மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. நாளடைவில் எறும்பு தெளிந்தது. அடுப்பு மாலையிலும் எரியத் தொடங்கியது.

ஒரு மாலை சாயக்காரர் தோளில் ஒரு நாற்காலியோடு வந்தார். கால் ஒடிந்ததென்று கிடங்கில் ஒதுக்கிப் போட்டது. கேட்டு வாங்கிக் கட்டை வைத்து ஆணி அடித்திருந்தார். நீலம் மணிக்கட்டிலிருந்து இறங்கி நகக்கண்ணில் மட்டும் எஞ்சியிருந்தது.

"சாய்மானம் இருக்கு மாமா. உட்காந்து பாருங்க."

மாப்பிள்ளைக்குப் பழைய அளவில் மீண்டும் கை சுருங்கியது. அவருக்குரிய சட்டங்களில் ஒன்று கூடியது. சட்டை கேட்டு வருபவரிடம் புகையிலை, எண்ணெய் என்று எல்லாம் சொல்லி முடித்தபின், "போற எடத்துல கையை வெளிய காட்டு" என்பாள் ஊசியக்கா.

எல்லார்க்கும் ஒப்ப நிற்கும் இறைவன் அவ்வில்லத்தை நோக்குக. அவ்வீட்டு நூல் அறாதிருக்க. ஊசி முனை மழுங்காதிருக்க. இரு வேளையும் அவ்வடுப்பில் தீ வளர்க; பசிக்கவில்லை என்னும் பொய் அங்கே வேண்டாததாகுக. கட்டை வைத்த அந்நாற்காலி நெடுங்காலம் ஒருவரைத் தாங்குக. அவர் அருகே அமர்ந்து தைப்பவள் கண்ணொளி குன்றாது வாழ்க. அவளோடு அவ்வெட்டு வீடும் வாழ்க.