கதவின் கண்ணுக்கும் கிறீஸ்

கொழும்பில் இருக்கும் அண்ணன் தன் வீட்டைத் திருத்தியபோது, அங்கே கழற்றிய பழைய கராஜ் கதவையும் அதை ஏற்றி இறக்கும் மோட்டரையும் கீரி என்ற கடலோர ஊரில் இருக்கும் எனக்கு லொறியில் அனுப்பிவைத்தார். இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் புறப்படும் நேரம் பார்த்து, கதவு ஒரு சாண் இறங்கிவிட்டு மறுபடி மேலே ஏறியது. ரிமோட்டுக்குப் புதுப் பற்றரி போட்டேன். அப்போதும் அதே கூத்து. அதற்கு முதல் நாள்தான் உப்புக் காற்றுக்குப் பயந்து தண்டவாளம், சங்கிலி, ஆணி என்று எதையும் விடாமல் கிறீஸ் பூசியிருந்தேன். ஆகவே என் பக்கம் பிழையே இல்லை.

அண்ணனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "பழுதானதைத்தானே என்ர தலையில கட்டினனீங்கள்!"

அவர் வாய் திறக்கும் முன், கதவடியில் குனிந்திருந்த என் மனைவி கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, இந்தக் கண்ணுக்கும் கிறீஸ் பூசினனீங்களோ?"

குறுக்கே யாராவது நின்றால் கதவை மேலே திருப்பியனுப்பும் சின்னக் கண்ணாடிக் கண் அது. அவள் பழந்துணியால் அதைத் துடைத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாள். கதவு தடதடவென்று இறங்கி நிலத்தைத் தொட்டது.

"என்ன சத்தம்? கதவு பூட்டிட்டுதோ?" என்று போனில் அண்ணன் கேட்டார்.

"இல்லை," என்றேன். "கையாலதான் இழுத்துப் பூட்டினனான்."