ஜன்னல் கம்பியைத் தொட்டவர்

தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். ஒல்லி உடம்பு, இமைக்க மறந்த கண்கள். டிவியில் மாட்டி ஓட்டுகிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் டிரைவைக் கழற்றிவிட்டு, கேமராவில் போடும் மெமரி கார்டை வைத்து ஓட்டுவதாகச் சொன்னார். நம்பமுடியாமல், பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் நேமத்தான்பட்டியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

நல்ல மத்தியானம். அத்தனை பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். கார்டைத் தொடுமுன் எழுந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டு வந்தார். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, கம்ப்யூட்டரைத் திறக்குமுன் நாங்களும் சென்டரில் இரும்பைத் தொடுவதுண்டு.

"கார்டு கெட்டுடக் கூடாதுன்னுதானே?" என்றேன்.

"அதுக்குந்தான்" என்றார்.

கார்டைச் செருகியதும் திரையில் எழுத்துகள் வந்தன.

"பழைய டிரைவ் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருந்துச்சு சார். இதுல உக்காருறது எந்தம்பிதான். அவன் செத்ததுக்கப்புறம், ஆன் பண்ணி வச்சா யாரும் தொடாமலே கரகரன்னு சுத்தும். கார்டுல சுத்துறதுக்கு ஒண்ணும் இல்லைல்ல?"

"இல்லை. இனிமே சத்தமே வராது."

"சத்தம் வரலை சார்."

அவர் திரையைப் பார்க்கவில்லை. கார்டைப் படிக்கும்போது மட்டும் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கீபோர்டில் எங்கள் இருவர் கையும் இல்லை. விளக்கு ஒருமுறை மினுங்கியது. பிறகு விடாமல் மினுங்கத் தொடங்கியது.

"பயப்படாதீக. இரும்பத் தொட்டுக்கிட்டிருந்தா அண்டாது. இங்குட்டு வந்து கம்பியப் புடிச்சுக்கங்க" என்றார்.

சொன்னதை மட்டும்தான் கம்ப்யூட்டர் செய்யும் என்று தினமும் பாடம் நடத்துகிறவன் நான். போய்ப் பிடித்துக்கொண்டேன்.