ஸ்டெல்லாவின் விசில்

அலுவலகத்தில் தீ விபத்து ஒத்திகைக்கு விசில் ஊதினார்கள். ஸ்டெல்லா மேல் பழைய பொறாமை கிளம்பிவிட்டது.

விழிதியூரில் நாலைந்து செல்போன்களே இருந்த காலம். கோடையில் வைக்கோல் போர் தீப்பிடித்தால் ஊரைக் கூப்பிட, இளைஞர் மன்றத்து அண்ணன்கள் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவிடம் விசில் கொடுத்தார்கள். அவள் வீடு குளக்கரையில் இருந்தது, அவ்வளவுதான். குளிக்கும்போதும் அதைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டாள்.

ஒரு மத்தியானம் ஸ்டெல்லா வீட்டு வைக்கோல் போரில் புகையை முதலில் பார்த்தது நான். சொன்னால் ஊதிப் பேர் வாங்குவாள் என்று பேசாமல் நின்றேன். அவள் பார்த்து ஊதி, ஊரே குடத்தோடு ஓடிவருவதற்குள் பாதி எரிந்துவிட்டது.

கரி முகத்தோடு வந்து விசிலை என் கழுத்தில் போட்டாள். “நான் லேட்டா பாத்துட்டேன்டி. நீ வச்சிருந்தா முன்னாடியே ஊதியிருப்ப.”

விசில் என்னிடம் வந்துவிட்டது. அப்படிக் கழற்றிக் கொடுக்கிற மனசு அவளிடமே இருக்கிறது. இன்றும் என் வயிறு எரிவது அதற்குத்தான்.